மொட்டைமாடி, செல்போன், ஒரு பழைய கோல்ஃப் மட்டை: வடசென்னையில் கோடை முடிவதைப் பிடிக்க முழுமையான வழிகாட்டி

மே 28 வாக்கில் கத்திரி கழிந்தது என்று நாட்காட்டி சொல்லும். எங்கள் தெருவில் அதை யாரும் நம்புவதில்லை. நம்பாததற்கு நியாயமும் இருக்கிறது: நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது 2003 மே மாதக் கடைசியில், கத்திரி முடிந்த பிறகு. ஜூன் பாதி வரைக்கும் ராத்திரி கரண்ட் போனால் தண்டையார்பேட்டையில் பாதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிவிடுவோம். அப்புறம் ஒருநாள் விடியற்காலையில், கால்மாட்டில் கிடந்த போர்வை இடுப்புக்கு ஏறியிருக்கும். எப்போது மாறியது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது.

அந்த 'எப்போது' என்பதைப் பிடிப்பதற்குத்தான் இந்த வழிகாட்டி. நாலு கோடையாக இதைச் செய்துவருகிறேன். எனக்குப் பட்டதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்னைக் கோடை ஒரே நாளில் போவதில்லை. முதலில் கடலை விட்டுப் போகிறது, அப்புறம் காற்றை விட்டு, கடைசியாக நிழலை விட்டு. முதல் தேதியை அரசாங்கமே குறித்துக் கொடுக்கிறது. கடைசித் தேதி சூரியனுடையது. நடுவில் இருப்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, இதில் கோல்ஃப் எங்கே வந்தது? வடசென்னையில் கோல்ஃப் மைதானமே கிடையாது. வியாசர்பாடி என்றால் கால்பந்து, தெருமுனை என்றால் கேரம். கோல்ஃபுக்கு நந்தனம் வரை போக வேண்டும். என் சித்தப்பா நந்தனத்தில் முப்பது வருஷம் மட்டைப் பை சுமந்தவர். அந்த வேலைக்குப் பெயர் கேடி. "முப்பது வருஷமா நான் கேடி" என்று அவர் பெருமையாகச் சொல்ல, "ஸ்டேஷன் பக்கம் போய் சொல்லிடாதே" என்பார் சித்தி. பிடி தேய்ந்துபோன ஏழாம் நம்பர் அயர்ன், அதாவது இரும்புத் தலை மட்டை, ஒன்றை யாரோ அவருக்குக் கொடுக்க, அவர் எனக்குக் கொடுத்தார். மாடியில் வைத்துச் சுழற்ற ஆரம்பித்த பிறகுதான் காற்று என்று ஒன்று இருப்பதே எனக்கு உறைத்தது.

படி 1: வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஏதாவது ஒரு செல்போன். ஒரு மட்டை, கோல்ஃப் மட்டைதான் வேண்டும் என்றில்லை, நேரான கம்பு இருந்தாலும் பாதி வேலை ஆகும். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பயிற்சிப் பந்து பத்து. நிஜக் கோல்ஃப் பந்து ஒன்று. அகலமான பிளாஸ்டிக் டப்பு நிறைய மணல். நூலில் கட்டிய ஒரு நட்டு. சாக்பீஸ், நோட்டு. காசிமேட்டில் கிழிந்த வலை சும்மாவே கிடைக்கும். வாங்கிவந்து கைப்பிடிச் சுவருக்கு மேலே கட்டிவிடுங்கள். ஏன் என்று நாலாம் படியில் தெரியும்.

மே மாதக் கடைசி வாரத்தில் ஆரம்பிப்பது நல்லது. கோடை உச்சத்தில் எடுத்த படம் கையில் இருந்தால்தான் பிற்பாடு ஒப்பிட முடியும்.

படி 2: செல்போனின் கெட்டிக்காரத்தனத்தை அணையுங்கள்

முதல் வருஷம் நான் கோட்டை விட்டது இங்கேதான். தினமும் ஒரே இடத்தில் நின்று எழுபது எண்பது படம் எடுத்தேன். ஆகஸ்டில் வரிசையாக வைத்துப் பார்த்தால் மே மாதமும் ஜூலையும் ஒன்றுபோலவே இருக்கின்றன. செல்போன் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சத்தையும் நிறத்தையும் தானாகவே சரிசெய்துவிடுகிறது. மே மாதத்து வெளிறிய வானத்துக்கு நீலம் ஏற்றுகிறது, மேகம் மூடிய ஜூலைக்கு வெதுவெதுப்பு சேர்க்கிறது. நாம் தேடும் வித்தியாசத்தையே அது துடைத்துவிடுகிறது.

அதனால் 'ப்ரோ' மோடுக்குப் போங்கள். நிறத்தைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸை ஆட்டோவிலிருந்து எடுத்து 5500 கெல்வினில் நிறுத்துங்கள். மூன்று மாதமும் அதைத் தொடக் கூடாது. ப்ரோ மோடு இல்லாத போனில் இதற்கென்று இலவச ஆப் போட்டுக்கொள்ளலாம். இருட்டையும் வெளிச்சத்தையும் தானாகச் சமன்செய்யும் எச்.டி.ஆரை அணைத்துவிடுங்கள். ஜூம் எப்போதும் 1. கிரிட் கோடுகளைப் போட்டு, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பையோ எதிர்வீட்டுச் சன்ஷேடையோ ஒரு கோட்டோடு பொருத்திக்கொண்டால் ஃபிரேம் நாளுக்கு நாள் நகராது. வெளிச்சத்துக்கு, திரையில் வானத்தைத் தொட்டு அழுத்திப் பிடித்தால் எக்ஸ்போஷர் பூட்டிக்கொள்ளும்.

இன்னொன்று: லென்ஸைத் துடையுங்கள். கடலோரம் இருப்பவர்களுக்கு உப்பும் வியர்வையும் சேர்ந்து கண்ணாடியில் ஒரு படலம் கட்டும். மே மாதப் பனிமூட்டம் என்று நான் ரசித்துவந்த படங்களில் பாதி, சட்டைப் பை அழுக்கு.

படி 3: மூன்று ஃபிரேம், அதற்கு மேல் வேண்டாம்

நிறைய எடுத்தால் பத்து நாளில் விட்டுவிடுவீர்கள். காலையில் கிழக்கு, மதியம் நிழல், சாயங்காலம் மேற்கு. அவ்வளவுதான்.

கிழக்கு ஃபிரேம் சூரியன் எழும் இடத்துக்கு. ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரையில் இருப்பவர்களுக்குக் கடலே அடிவானம். உள்ளே இருப்பவர்களுக்குக் கட்டடங்கள் அளவுகோல். ஜூன் 21 அன்று சென்னையில் சூரியன் நேர்கிழக்கில் எழுவதில்லை, ஏறக்குறைய 24 டிகிரி வடக்கே தள்ளி எழுகிறது. கையை முழுக்க நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அதாவது நேர்கிழக்கிலிருந்து இரண்டரை முஷ்டி எண்ணூர்ப் பக்கம். ஆகஸ்ட் நடுவில் அது ஒரு முஷ்டி தெற்கே வந்திருக்கும். செப்டம்பர் 23 வாக்கில் நேர்கிழக்கு. துறைமுக மதிலையும் காவல் இருக்கும் இடங்களையும் ஃபிரேமில் சேர்க்காதீர்கள், வீண் வம்பு.

மதிய நிழலைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். ஆனால் டப்பை இன்றைக்கே வையுங்கள்.

படி 4: சாயங்காலம் 4.30-க்குப் பத்துப் பந்து

எனக்கு ரொம்பப் பிடித்த படி இதுதான்.

மாடியில் வடக்குப் பார்த்து நில்லுங்கள். கடல் உங்களுக்கு வலப்பக்கம். காலடியிலிருந்து இருபத்தைந்து அடி தூரத்துக்கு நேராக ஒரு சாக்பீஸ் கோடு, கோட்டின் முனையில் ஒரு வாளி. முழுச் சுழற்சி வேண்டாம். மட்டை இடுப்பு உயரத்துக்கு வந்தால் போதும். பத்துப் பந்தையும் ஒரே மாதிரி மெதுவாக எத்திவிடுங்கள். வாளியில் விழ வேண்டும் என்பதில்லை. எல்லாம் விழுந்து நின்றதும் தண்ணீர்த் தொட்டி மேலே ஏறி, கோட்டோடு சேர்த்து மேலிருந்து ஒரு படம்.

ஓட்டைப் பந்துக்கு எடை கிடையாது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் ஒதுங்கி விழும். கோட்டுக்கு இடப்பக்கம் குவிந்திருந்தால் கடல்காற்று. வலப்பக்கம் என்றால் மேற்கே தரையிலிருந்து வரும் காற்று. ஆடத் தெரியாதவர் எத்தினாலும் பத்துப் பந்தின் சராசரி பொய் சொல்லாது. சித்தப்பா இதைப் பார்த்துவிட்டு, "மைதானத்துல புல்லைப் பிச்சு மேல விடுவாங்க, நீ பந்தையே விடுற" என்றார்.

கதை இதுதான். கோடையில் தரை சூடேறி அதன் மேலுள்ள காற்று எழும்ப, கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே நுழைகிறது. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று பலமாக இருந்தால் கடல்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்திவிடும். அன்றைக்குத்தான் நாம் வெந்துபோகிறோம். கடல்காற்று மதியத்துக்கு முன்னால் வந்தால் பிழைத்தோம், மூன்று மணிக்கு மேலே என்றால் செத்தோம். தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் வழக்கமாக ஜூன் 1 வாக்கில் தொடங்கும். நமக்கு அந்த மழை கிடைப்பது கொஞ்சம்தான், மலைக்கு அந்தப் பக்கமே கொட்டித் தீர்த்துவிடும். ஆனால் அதன் காற்று வந்துவிடும். என் படங்களில் மே மாதப் பந்துகள் பெரும்பாலும் இடப்பக்கம். ஜூன் கடைசியிலிருந்து வலப்பக்கம் கூடிக்கொண்டே போகும், ஆடி பிறந்தால் வலையில் போய் அப்பிக்கொள்ளும். ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறார்கள், ஓட்டைப் பந்து எம்மாத்திரம்.

வலை கட்டச் சொன்னேனே, அதன் காரணம்: முதல் வருஷம் வலை இல்லாமல் அடித்தேன். பந்து கைப்பிடிச் சுவரைத் தாண்டி அடுத்த மாடியில், ஆயா வெள்ளை வேட்டி விரித்துப் பிழிந்துவைத்திருந்த அரிசி வடாத்தில் போய் உட்கார்ந்தது. பாதி காய்ந்த வடாம். பந்தை எடுத்தால் அதன் ஓட்டைகள் அச்சாக மாவில் பதிந்திருந்தன, தேன்கூடு மாதிரி. "டேய், நான் முறுக்கு அச்சுல பிழிஞ்சா நீ பந்துல பிழியிறியா?" என்றார். மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில்தான் எனக்கு நல்ல வானிலை ஆய்வாளர் கிடைத்தார். ஆயா ஜூனில் ஒருநாள் வேட்டியை உதறி மடித்துவிடுவார். "இனிமே காயாதுடா. மேல காயுது, அடியில நமுக்குது" என்பார். அந்த வேட்டியையும் இப்போது தினமும் ஒரு படம் எடுக்கிறேன். மடித்த தேதி நான்கு வருஷமும் என் பந்துகள் வலப்பக்கம் சாய்ந்த வாரத்திலேயே வந்திருக்கிறது.

மாடியிலிருந்து எண்ணூர், மணலிப் பக்கத்துப் புகைபோக்கிகள் தெரிந்தால் அதையும் ஃபிரேமில் சேர்த்துக்கொள்ளுங்கள். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்பது பந்துப் படத்துக்குச் சாட்சி. மேற்குக் காற்று அடிக்கும் காலையில் மூக்கே சொல்லிவிடும், படம் வேண்டாம்.

படி 5: ஜூன் 14 ராத்திரி காசிமேடு

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். முன்பு 45 நாளாக இருந்து 2017-இல் கூட்டினார்கள். மீன் முட்டையிட்டுப் பெருகும் காலம் என்பதற்காக. கோடை கடலை விட்டுக் கிளம்பும் தேதி இதுதான், நேரமும் உண்டு: நள்ளிரவு.

ஆனால் 14-ஆம் தேதி மட்டும் போய் நின்றால் கூட்டத்தைத்தான் எடுப்பீர்கள். மூன்று தடவை போங்கள். மே கடைசியில் ஒரு தடவை: படகுகள் தோளோடு தோள் உரசி நிற்கும், பலகை இடுக்குகளை அடைத்துக்கொண்டிருப்பார்கள், புதுப் பெயிண்ட் வாசனை, வலை முடைகிறவர்களின் கால்விரல்கள். வலையின் ஒரு முனையைக் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு முடைவார்கள். அந்த விரலைக் கிட்டப் போய் எடுத்தால் அந்த ஒரு படமே போதும். இரண்டாவது, 14 சாயங்காலம்: ஐஸ் கட்டி உடைக்கும் சத்தம், டீசல், தண்ணீர் கேன், முகப்பில் மாலை, கற்பூரம். ராத்திரியில் ஃபிளாஷ் போடாதீர்கள். எதிரே படகு ஓட்டுகிறவருக்குக் கண் கூசும், படமும் தட்டையாகிவிடும். மூன்றாவது, நாலைந்து நாள் கழித்து விடியற்காலையில். ஆழ்கடலுக்குப் போன படகுகள் திரும்பியிருக்கும், வஞ்சிரம் விலை கேட்கிற மாதிரி இருக்கும்.

கேட்காமல் யாரையும் எடுக்க வேண்டாம். "அக்கா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்றால், "மீன் வாங்கிட்டு எடுப்பா" என்பார்கள். நியாயம்தான். நான் அரைக் கிலோ சங்கரா வாங்கிவிட்டுத்தான் செல்போனை வெளியே எடுப்பது.

படி 6: மேற்கைப் பாருங்கள், இடி கேட்டால் இறங்குங்கள்

கடலோரத்தில் வளர்ந்தவர்கள் மழைக்குக் கிழக்கே பார்க்கிறோம். அது ஐப்பசிக்குச் சரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை நமக்குக் கிடைக்கும் மழையில் பெரும்பகுதி சாயங்கால இடிமழை. பகல் சூட்டில் மேற்கே உள்நாட்டில் மேகம் எழும்பி, வேலூர், திருவள்ளூர் தாண்டிக் கடலைப் பார்த்து நகர்ந்து வரும். அதனால் 5 மணியிலிருந்து 6.15 வரை மேற்கு ஃபிரேம். மேகத்தின் உச்சி கொல்லன் பட்டறையின் பட்டடைக்கல் மாதிரி தட்டையாக விரிந்திருந்தால் அது பெருமழை மேகம். சூரியன் அதன் பின்னால் இருக்கும், விளிம்பு மட்டும் எரியும். வெளிச்சத்தை விளிம்பில் பூட்டினால் நடுவிலிருக்கும் கருமை அப்படியே கிடைக்கும்.

இங்கே ஒரு கண்டிப்பு. இடிமழை வரும்போது மொட்டைமாடியில் இரும்பு மட்டையோடு நிற்பதைவிட முட்டாள்தனம் இல்லை. மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் நொடியை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது நொடிக்குள் சத்தம் வந்தால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஏற வேண்டும். நந்தனத்திலும் இதே விதிதான் என்கிறார் சித்தப்பா. அவர் காலத்தில் பை சுமக்கிறவர்தான் முதலில் ஓடுவாராம்.

படி 7: தரையைத் தட்டிப் பாருங்கள்

நிஜக் கோல்ஃப் பந்து இதற்குத்தான். பக்கத்தில் இருக்கும் மண் மைதானத்தில், தோள் உயரத்திலிருந்து பந்தைக் கைவிடுங்கள். செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ போட்டுக்கொள்ளுங்கள். மே மாதத்தில் 'டக்' என்று முழங்காலுக்கு எம்பும், நாலைந்து தடவை துள்ளும். நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் 'பொத்' என்று குழி பறித்துக்கொண்டு உட்காரும். நடுவில் இருக்கும் நாட்கள்தான் சுவாரசியம்.

கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இது காசு பெறும் விஷயம். காய்ந்த ஃபேர்வேயில், அதாவது புல் வெட்டிவைத்த ஆட்டப் பாதையில், பந்து விழுந்த பிறகும் உருண்டுகொண்டே போகும். சூடான காற்று அடர்த்தி குறைவு என்பதால் பறக்கும்போதும் கொஞ்சம் கூடுதல் தூரம். முதல் மழைக்கு அப்புறம் இரண்டும் போய்விடும். மழைத்தேக்கத்தில் பந்து நின்றால் அபராதம் இல்லாமல் எடுத்துத் தள்ளி வைத்துக்கொள்ளலாம். 2019-இல் விதிகளை மாற்றியபோது அதற்குத் 'தற்காலிக நீர்' என்று பெயர் வைத்தார்கள். சித்தப்பா இன்னும் 'கேஷுவல் வாட்டர்' என்றுதான் சொல்லுவார். எங்கள் தெருவில் நிற்கும் தண்ணீரை அப்படியும் சொல்ல முடியாது, இப்படியும் சொல்ல முடியாது.

கோடையில் ஒரு தடவை, மழை விழுந்து பத்து நாள் கழித்து ஒரு தடவை, நிஜப் புல்லைப் பார்த்துவிடுங்கள். விம்கோ நகரிலிருந்து வரும் மெட்ரோ தண்டையார்பேட்டை வழியாக நேராக நந்தனம் போகிறது, மாற வேண்டாம். உள்ளே நுழைய அனுமதி கேட்க வேண்டும், ஆடுகிறவர்கள் முகத்தை எடுக்கக் கூடாது. கோல்ஃப் மைதானங்களில் பெருமையாகப் பேசும் பெர்முடா புல், நம்ம அருகம்புல் சாதிதான். காய்ந்தால் வைக்கோல் நிறம், செத்துவிட்டது என்று நினைப்போம். வேர் உயிரோடுதான் இருக்கும். ஒரு மழை போதும், கணுவுக்குக் கணு பச்சை எட்டிப்பார்க்கும். நந்தனம் வரை போக முடியாதவர்கள் ராயபுரம் ரயில் நிலையத்தின் ஓரங்களைப் பாருங்கள். 1856-இல் தென்னாட்டின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய இடம். அங்கே தண்டவாள ஓரத்துப் புல்லும் அதே வேலையைச் செய்கிறது, செலவில்லாமல்.

படி 8: தெருவில் கண்டபடி

இதற்கு முறை எதுவும் வேண்டாம், கண்ணில் பட்டால் எடுங்கள். தர்பூசணிக் குவியல் இருந்த இடத்தில் வெறும் வைக்கோல். நுங்கு முற்றிப்போய்க் கத்தி இறங்காத நாள். பங்கனப்பள்ளி போய் நீலம் மாம்பழம் வந்து, அதற்குப் பக்கத்திலேயே நாவல்பழத் தட்டு. வேப்பம்பழம் மிதிபட்டு வழுக்கும் நடைபாதை. பள்ளிக்கூடம் திறந்ததும் மின்கம்பியில் அநாதையாகத் தொங்கும் காத்தாடி. தாழப் பறக்கும் தட்டான்கள். இவற்றை எடுக்க நான் இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தண்ணீர் லாரிக்கு வரிசை கட்டிய குடங்களின் எண்ணிக்கை. 2019 ஜூனில் புழல் ஏரி வெடித்துக் கிடந்த வருஷத்தில் அந்த வரிசை தெருமுனை திரும்பிப் போனது. அப்போது எடுக்கத் தோன்றவில்லை. ஆடியில் அம்மன் கோயில் கூழ்ப்பானை. அதன் ஆவி படத்தில் விழ வேண்டுமானால் வெயிலுக்கு எதிரே நின்று எடுங்கள்.

படி 9: நிழல்

டப்பில் மணலை விளிம்பு வரை நிரப்பி மட்டப்படுத்துங்கள். மட்டையின் தலையை உள்ளே புதைத்து, பிடி மேலே வரும்படி நட்டுவையுங்கள். மணலுக்கு மேலே 80 செ.மீ. நிற்கட்டும். நூலில் கட்டிய நட்டைப் பக்கத்தில் தொங்கவிட்டு, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். படம் எடுக்க வேண்டிய நேரம் 12 மணி இல்லை. நம் கடிகாரம் சென்னைக்குக் கிழக்கே இருக்கும் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. இங்கே உச்சி வெயில் 12.10-ஐ ஒட்டி, தேதிக்குத் தகுந்தபடி சில நிமிடம் முன்பின்னாக வரும்.

சென்னை நிலநடுக்கோட்டுக்கு 13 டிகிரி வடக்கே இருப்பதால் ஏப்ரல் 24 வாக்கில் ஒருநாள் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அன்றைக்கு மதிய நிழல் கிடையாது. அதற்குப் பிறகு சூரியன் நமக்கு வடக்கே போய்விடும், மதிய நிழல் தெற்கே விழும். கோடை முழுக்க நம் நிழல் தலைகீழாகத்தான் இருக்கிறது, கவனித்தவர்கள் குறைவு. ஜூன் 21 அன்று உங்கள் மட்டையின் நிழல் தெற்கே 14, 15 செ.மீ. இருக்கும். ஜூலை நடுவில் 12. ஆகஸ்ட் 1-இல் 7. ஆகஸ்ட் 18 மதியம் 12.13-க்கு ஒன்றுமே இருக்காது. பிடியின் தடிமன் அளவுக்கு ஒரு பொட்டு மட்டும். மேகம் மறைத்தால் முன்னும் பின்னும் ஒருநாள் பார்த்துக்கொள்ளலாம், வித்தியாசம் அரை செ.மீ. கூட இல்லை.

நம் ஆறு பருவக் கணக்கில் ஆனியும் ஆடியும் முதுவேனில். ஆவணி பிறந்தால் கார்காலம். ஆவணி முதல் தேதி ஆகஸ்ட் 17. ஜூனிலேயே கோடை முடிந்தது என்று செய்தியில் சொல்வதைவிட, ஆகஸ்ட் நடுவரை வேனில் என்று வைத்த பழைய கணக்கு என் டப்புக்கு நெருக்கமாக இருக்கிறது. வெப்பமானியில் ஆகஸ்டிலும் சில நாள் 35-க்கு மேலே போகும், அதை மறைக்கவில்லை. ஆனால் வெயில் விழும் பக்கம் மாறிவிட்டது. செப்டம்பர் 1-இல் பார்த்தால் நிழல் வடக்கே 7 செ.மீ. நீட்டியிருக்கும்.

படங்களை வரிசைப்படுத்தும்போது தேதி வாரியாக வேண்டாம். கிழக்கு எல்லாம் ஓர் ஆல்பம், பந்து எல்லாம் ஓர் ஆல்பம், நிழல் எல்லாம் ஒன்று. கட்டைவிரலால் வேகமாகத் தள்ளிப் பாருங்கள், பந்துகள் இடமிருந்து வலமாக ஊர்ந்து போகும்.

டப்பைச் செப்டம்பர் கடைசி வரை எடுக்காதீர்கள். மைதானத்து மண் ஒட்டிய பந்தை நான் அதில் போட்டுவைப்பது வழக்கம். போன வருஷம் நிழல் காணாமல்போன பிறகு மணலில் அருகம்புல் முளைத்திருந்தது, நாலு விரல் உயரம். பிள்ளையார் சதுர்த்தி அன்று காலையில் படம் எடுக்கப் போனால் புல்லைக் காணோம், மட்டை மட்டும் நிற்கிறது. அடுத்த மாடியில் ஆயா களிமண் பிள்ளையாருக்கு அதை வைத்து முடித்திருந்தார்.